ஆக்சலாட்டில், விலா நியூட், நெருப்பு சாலமாண்டர், குள்ளத் தவளை: எந்த வீட்டுக்கு எது?

பல்லி போன்ற உருவமும் ஈரத்தோலும் கொண்ட, தவளையின் உறவான சாலமாண்டர் வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் நிறத்தைப் பார்த்துத்தான் மயங்குகிறார்கள். இளஞ்சிவப்புச் செவுள்களை விரித்துக்கொண்டு கிடக்கும் வெள்ளை ஆக்சலாட்டிலைப் பார்த்த பிறகு, அதற்குத் தண்ணீர் எத்தனை டிகிரியில் இருக்க வேண்டும் என்று கேட்கத் தோன்றாது. ஆனால் அது 1 வருடத்தில் சாகுமா, 12 வருடம் வாழுமா என்பது அந்த எண்ணில்தான் இருக்கிறது. குஞ்சு பொரிக்க வைக்கவும் எண்ணமிருந்தால் இன்னொரு எண்ணையும் கேட்டுக்கொள்ள வேண்டும்: எத்தனை குஞ்சுகளுக்குத் தனித்தனியாக இரை கொடுத்துத் தண்ணீர் மாற்ற உங்களுக்கு நேரம் இருக்கிறது?

இந்த 2 கேள்விகளையும் வைத்து 4 உயிர்களை இங்கே எடைபோடுகிறோம். மெக்சிகோவின் ஆக்சலாட்டில், ஸ்பெயின், போர்ச்சுகல், மொராக்கோ நாடுகளின் விலா நியூட், ஐரோப்பியக் காடுகளின் நெருப்பு சாலமாண்டர், இவற்றோடு ஆப்பிரிக்கக் குள்ளத் தவளை. கடைசியாகச் சொன்னது சாலமாண்டரே இல்லை. ஆனாலும் வெப்பமான ஊரில் இருப்பவர்களுக்கு நேர்மையான பதில் பல நேரம் அதுவாகத்தான் இருக்கிறது.

முதலில் ஒரு வாளித் தண்ணீர்

தொட்டி வைக்க நினைக்கும் இடத்தில், 20 லிட்டர் தண்ணீர் நிரப்பிய வாளியை மூடி போட்டு 2 வாரம் வையுங்கள். இதை வருடத்தின் மிகச் சூடான மாதத்தில் செய்ய வேண்டும். தினமும் காலை 6 மணிக்கும் மாலை 4 மணிக்கும் வெப்பமானியை விட்டு எழுதி வையுங்கள். அறையின் வெப்பம் இதற்கு உதவாது, தண்ணீரின் வெப்பம்தான் வேண்டும். அந்த 2 வாரத்தின் மாலை அளவுகளில் எது உச்சமோ, அதுவே உங்கள் எண். தொட்டியில் பம்பும் விளக்கும் சேரும்போது இன்னும் 1 அல்லது 2 டிகிரி கூடும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

சூடு ஏன் கொல்கிறது? 2 காரணங்கள் ஒன்றாகச் சேர்ந்து வருகின்றன. 18 டிகிரி நன்னீரில் லிட்டருக்கு 9.5 மில்லிகிராம் வரை ஆக்சிஜன் கரையும், 28 டிகிரியில் 7.8 தான். அதே நேரம் குளிர் ரத்த உயிர்களின் உடல் சூட்டில் வேகமாக இயங்கி அதிக ஆக்சிஜன் கேட்கும். இரண்டாவது, விலங்கின் கழிவிலிருந்து வரும் அம்மோனியா. அம்மோனியாவில் நஞ்சாகும் பங்கு கார அமில அளவையும் (pH) வெப்பத்தையும் பொறுத்து மாறும். pH 8 உள்ள தண்ணீரில் 18 டிகிரியில் மொத்த அம்மோனியாவில் 3.3 சதவீதம் நஞ்சு வடிவில் இருக்கும், 28 டிகிரியில் 6.5 சதவீதம். சோதனைக் குழாயில் அதே நிறம்தான் தெரியும், ஆனால் விலங்கின் மேல் விழும் அடி இரட்டிப்பு. பூஞ்சையும் பாக்டீரியாவும் சூட்டில் வேகமாகப் பெருகும் என்பது இதற்கு மேல்.

உச்சம் 20க்குக் கீழே நின்றால் நான்கில் எதையும் நினைக்கலாம், நெருப்பு சாலமாண்டருக்கு மட்டும் 18க்குள் நிற்க வேண்டும், தவளைக்கு ஹீட்டர் வேண்டும். 20 முதல் 25 வரை என்றால் விலா நியூட்டைப் பாருங்கள். 25ஐத் தாண்டினால் குள்ளத் தவளை, இல்லாவிட்டால் தண்ணீரைக் குளிர்விக்கும் கருவியான சில்லர் வாங்கும் பணத்தோடு ஆக்சலாட்டில்.

ஆக்சலாட்டில்: அழகும் செலவும்

மெக்சிகோ நகரின் சொச்சிமில்கோ கால்வாய்கள்தான் இதன் பூர்வீகம். மலைமேல் உள்ள ஊர் என்பதால் அங்கே தண்ணீர் வருடம் முழுவதும் குளிர்ச்சி. 1998இல் அங்கே சதுர கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 6,000 இருந்தன, 2014 கணக்கெடுப்பில் 36 தான். வீடுகளிலும் ஆய்வகங்களிலும் லட்சக்கணக்கில் இருப்பவற்றின் பெரும்பகுதி, 1864இல் பாரிசுக்கு வந்து சேர்ந்த 34 விலங்குகளின் வழித்தோன்றல்கள். இன்று வளர்ப்பில் உள்ளவற்றில் உறவுக் கலப்பு அதிகம் என்பதற்கு இதுதான் வேர். இனப்பெருக்கம் பேசும்போது இதற்குத் திரும்புவோம்.

வேண்டிய வெப்பம் 16 முதல் 18 டிகிரி. 20 வரை தாங்கும். 22க்கு மேல் இரை குறையும், செவுள் இழைகள் சுருங்கும், வால் நுனி கொக்கிபோல் மடங்கும். 24க்கு மேல் சில நாள் நின்றால் உடலில் பஞ்சுபோல் பூஞ்சை ஏறும்.

தமிழ்நாட்டில் பலரும் முதலில் வாங்குவது தொட்டி விளிம்பில் மாட்டும் சிறு மின்விசிறி. அது வேலை செய்யும் விதம் மண்பானையின் விதமேதான்: தண்ணீர் ஆவியாகும்போது மீதித் தண்ணீர் குளிரும். காற்றில் ஏற்கெனவே ஈரம் இருந்தால் ஆவியாதல் மந்தமாகும். மதுரையில் ஜில்லென்று இருக்கும் பானைத் தண்ணீர் சென்னையில் அப்படி இருக்காததற்கும் காரணம் இதுதான். ஆவியாதலால் எட்டக்கூடிய அடிமட்டத்துக்கு ஈரக்குமிழ் வெப்பநிலை என்று பெயர். சென்னையில் மே மாதம் அது 25ஐத் தாண்டும். எத்தனை விசிறி வைத்தாலும் தண்ணீர் அதற்குக் கீழே இறங்காது. கடற்கரை ஊரில் விசிறியை நம்பி ஆக்சலாட்டில் வாங்குவது தவறு. உள்நாட்டு ஊர்களிலும் கோடையில் அது போதாது.

உறைய வைத்த பாட்டில்களைப் போடலாம் என்பார்கள். கணக்கைப் பாருங்கள்: 1 லிட்டர் பனிக்கட்டி உருகி 18 டிகிரிக்கு வர எடுத்துக்கொள்ளும் வெப்பம் சுமார் 98 கிலோகலோரி. 100 லிட்டர் தொட்டியை அது 1 டிகிரிதான் இறக்கும். 30இலிருந்து 18க்கு வர 12 பாட்டில், பிறகு ஏறும் சூட்டுக்கு ஈடாக நாள் முழுவதும் பாட்டில். இடையில் தண்ணீர் ஏறி இறங்கும் அந்த ஊசலாட்டமே விலங்கை நோகடிக்கும். மின்தடை வந்த 3 மணி நேரத்தைச் சமாளிக்க மட்டும் பாட்டில்கள் பிரீசரில் இருக்கட்டும்.

ஆக மீதம் இருப்பது சில்லர். 100 லிட்டர் தொட்டிக்கு 1/10 குதிரைத்திறன் வகை பொதுவாகப் போதும். 150 வாட் இழுக்கும் ஒன்று நாளுக்கு 14 மணி நேரம் ஓடினால் 2.1 யூனிட், தமிழ்நாட்டின் 2 மாதக் கணக்கில் 126 யூனிட். இலவச 100 யூனிட்டை இது ஒன்றே தின்றுவிடும். இன்னொன்று, சில்லர் பிடுங்கிய வெப்பத்தைப் பின்பக்கமாகக் காற்றில் விடும். தொட்டி அலமாரிக்குள் அதை அடைத்தால் தான் விட்ட சூட்டைத் தானே இழுத்துக்கொண்டு ஓயாமல் ஓடிப் பழுதாகும். பின்னால் ஒரு முழம் இடைவெளியும் காற்றோட்டமும் வேண்டும். தொட்டியின் 3 பக்கமும் அடியிலும் தெர்மாகோல் ஒட்டினால் ஓடும் நேரம் கணிசமாகக் குறையும். முன்கண்ணாடி பார்க்க மட்டும்.

தொட்டி ஒன்றுக்கு 75 லிட்டர் குறைந்தபட்சம், 110 நல்லது. உயரத்தைவிடத் தரைப்பரப்பு முக்கியம். கூழாங்கல் வேண்டவே வேண்டாம், இரையோடு விழுங்கிக் குடல் அடைத்துச் சாகும். 15 செ.மீ. வளரும் வரை வெறுந்தரை, பிறகு 1 மி.மீ.க்கும் நுண்ணிய மணல். பில்டரின் நீரோட்டம் மெதுவாக இருக்க வேண்டும். செவுள்கள் எந்நேரமும் முன்னோக்கி வளைந்தே இருந்தால் ஓட்டம் அதிகம் என்று பொருள்.

விலங்கு வருவதற்கு முன்பே பில்டரைப் பழக்க வேண்டும், அதாவது அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியாவை அதில் வளர்க்க வேண்டும். தண்ணீரில் அம்மோனியாவை 2 பிபிஎம் (லிட்டருக்கு 2 மில்லிகிராம்) வரும்படி சேர்த்து, அது 24 மணி நேரத்துக்குள் அம்மோனியாவாகவும் இல்லாமல் நைட்ரைட்டாகவும் இல்லாமல் போகும் வரை தொடருங்கள். 4 முதல் 8 வாரம் ஆகும். நன்மை செய்யும் பாக்டீரியா 26 டிகிரி வாக்கில் வேகமாகப் பெருகும் என்பதால் இந்தக் கட்டத்தில் சில்லரை ஓட விடாதீர்கள், கடைசி வாரத்தில் குளிர்வித்தால் போதும். அந்த பாக்டீரியா மிச்சம் விடும் நைட்ரேட் 20 பிபிஎம்மைத் தாண்டத் தொடங்கும்போது தண்ணீர் மாற்றுங்கள், 40 வரை விடாதீர்கள். ஆர்.ஓ. தண்ணீரை அப்படியே ஊற்றினால் தாது இல்லாமல் தோலும் செவுளும் கெடும். கொஞ்சம் கடினமான போர் தண்ணீர் இதற்குப் பிடித்தமானது. டொரன்டோவில் குழாய்த் தண்ணீரில் கிருமிநாசினியாகக் குளோரமின் கலக்கிறார்கள், அது ஒரு நாள் திறந்து வைத்தாலும் போகாது. குளோரின் நீக்கும் மருந்தான தயோசல்பேட் போட்டால் உடையும், ஆனால் உடையும்போது அம்மோனியா வெளிவரும். பழகிய பில்டர்தான் அதைத் தின்ன வேண்டும்.

இரைக்கு மண்புழுவை மிஞ்சியது இல்லை. மண்புழு உரக்குழியில் பொதுவாக 2 வகைப் புழு இருக்கும். பட்டை பட்டையாய்ச் சிவந்த ஐசீனியா கசப்பான நாற்ற நீரைக் கக்கும், பல ஆக்சலாட்டில்கள் துப்பிவிடும். தடித்து நீண்ட ஆப்பிரிக்கப் புழுவான யூட்ரிலஸை விரும்பித் தின்னும். பெரியதற்கு வாரம் 3 முறை, குட்டிக்குத் தினமும். சாக்கடையில் அள்ளிய டியூபிஃபெக்ஸ் புழு நோயைக் கொண்டு வரும். மீன்குஞ்சுகளை இரையாகப் போடுவதும் ஒட்டுண்ணிக்கு அழைப்புதான்.

பூஞ்சை பிடித்துவிட்டால் 1 லிட்டர் தண்ணீரில் 2 தேக்கரண்டி அயோடின் கலக்காத உப்பைக் கரைத்து, 10 நிமிடம் மட்டும் விட்டு எடுங்கள், நாளுக்கு 2 முறை. உப்புநீரின் வெப்பமும் தொட்டியின் வெப்பமும் ஒன்றாக இருக்க வேண்டும். 10 நிமிடத்தைத் தாண்டினால் செவுள் வெந்துபோகும். காரணமான சூட்டையோ அழுக்கையோ சரிசெய்யாமல் உப்பை மட்டும் நம்பினால் ஒரு வாரத்தில் பூஞ்சை திரும்ப வரும்.

ஆக்சலாட்டில் முட்டையிட வைப்பது கஷ்டமே இல்லை, கஷ்டம் அதற்குப் பிறகு

ஆணின் வால் தொடங்கும் இடத்தில் கழிவுப் புழையைச் சுற்றி இரு புடைப்புகள் தெளிவாகத் தெரியும். பெண்ணுக்கு அங்கே தட்டையாகவும் வயிறு அகன்றும் இருக்கும். 1 வயதுக்கு முன் கடைக்காரர் சொல்லும் பாலினத்தை நம்ப வேண்டாம். பெண்ணுக்கு 18 மாதம் நிறைந்த பிறகே சேர்க்கலாம்.

இரண்டையும் தனித்தனியே வைத்திருந்து, தண்ணீரைச் சில டிகிரி இறக்கி, மாலையில் ஒரே தொட்டியில் விடுங்கள். ஆண் தரையில் கூம்பு வடிவ விந்துப் பொதிகளை வைக்கும், பெண் அதன்மேல் நகர்ந்து எடுத்துக்கொள்ளும். வெறுங்கண்ணாடியில் பொதி ஒட்டாது. சொரசொரப்பான தட்டைக் கடப்பாக்கல் துண்டுகளைப் பரப்பாததால் வீணாகும் இணைவுகள் ஏராளம். அடுத்த ஓரிரு நாளில் பெண் செடிகளில் முட்டை ஒட்டத் தொடங்கும், 100 முதல் 1,000க்கும் மேல். இட்டு முடித்ததும் பெரியவற்றை வெளியே எடுங்கள், இல்லாவிட்டால் தின்றுவிடும். பெண்ணுக்கு அடுத்த 6 மாதம் ஓய்வு. ஜோடியாகவே விட்டு வைத்தால் ஆண் ஓயாது விரட்டும். பெண் மறுபடி மறுபடி முட்டையிட்டு மெலிந்து சாகும். சேர்ந்து வளர்க்க ஆசையிருந்தால் இரண்டு பெண்களாக வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது இரண்டாவது எண்ணுக்கு வருவோம். 20 டிகிரியில் 2 முதல் 3 வாரத்தில் பொரியும். முதல் 2 நாள் கருவுணவில் ஓடும், பிறகு அசையும் உயிர்இரை மட்டுமே வாயில் ஏறும். ஆர்டீமியா என்ற நுண்ணிய உப்புநீர் இறாலின் உயிருள்ள குஞ்சு காலையும் மாலையும் வேண்டும். அதைப் பொரிக்க 1 லிட்டருக்கு 25 கிராம் உப்பு, வலுவான காற்றோட்டம், 27 டிகிரி, 24 மணி நேரம். நம் ஊரில் இதற்கு மட்டும் ஹீட்டர் தேவையில்லை. வடிகட்டி உப்பைக் கழுவி ஊற்றுங்கள். நன்னீரில் சில மணி நேரத்தில் ஆர்டீமியா செத்து அழுகும், மீதியை உறிஞ்சி எடுக்காவிட்டால் மறுநாள் குஞ்சுகளும் போகும்.

2 செ.மீ. வந்ததும் ஒன்றின் காலை ஒன்று கடிக்கத் தொடங்கும். கால் திரும்ப முளைக்கும் என்றாலும் வலியும் தொற்றும் மிச்சம். அப்போது ஒன்றுக்கு ஒரு கிண்ணம், கிண்ணத்துக்கு அரை லிட்டர், தினமும் முழுத் தண்ணீர் மாற்றம். 50 குஞ்சு என்றால் நாளுக்கு 25 லிட்டர் குளிர்ந்த, குளோரின் நீக்கிய தண்ணீர், ஒன்றரை மணி நேரக் கைவேலை, குறைந்தது 2 மாதம். எனவே முட்டையிட்ட முதல் ஓரிரு நாளிலேயே 30 முட்டையை மட்டும் வைத்துக்கொண்டு மீதியைப் பிரீசரில் வைத்துவிடுங்கள். நரம்பு உருவாவதற்கு முன் செய்தால் அது துன்பம் அறியாது. பொரித்த பிறகு இடமில்லாமல் 300 குஞ்சுகளைப் பட்டினி போடுவதைவிட இது பெரிய கருணை. முட்டையையோ குஞ்சையோ ஏரியிலும் கிணற்றிலும் விடவே கூடாது.

அண்ணன் தங்கைகளைச் சேர்க்காதீர்கள். ஒரே இடத்தில் வாங்கிய இரண்டும் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். தங்கநிற வகைக்கு ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு தகவல்: அந்த வெளிறல் மரபணு 1962இல் புலி சாலமாண்டரோடு கலப்பு செய்து ஆய்வகத்தில் கொண்டுவரப்பட்டது. நிறம் தெளிவாக இருப்பது ரத்தம் தூய்மையாக இருப்பதற்குச் சான்று ஆகாது.

விலா நியூட்: யாரும் கேட்காத நல்ல தேர்வு

பார்க்கச் சாம்பலும் பழுப்புமாய், ஆரஞ்சுப் புள்ளிகள் வரிசையாய் இருபுறமும். அந்தப் புள்ளிகள் வழியாகத்தான் ஆபத்தில் விலா எலும்புகளைத் தோலைக் கிழித்து நீட்டி நஞ்சு பூசிய முள்ளாக்கிக்கொள்ளும். 1985இல் சோவியத் யூனியனின் பயோன் 7 செயற்கைக்கோளில் விண்வெளிக்குப் போய் வந்த இனம் இது. ஆய்வகங்கள் இதைத் தேர்ந்ததற்கும் வீட்டுக்கு இது பொருந்துவதற்கும் காரணம் ஒன்றே: தாங்கும்.

ஆக்சலாட்டிலோடு ஒப்பிட்டால் முதல் லாபம் வெப்பம். 18 முதல் 24 வரை இயல்பாக வாழும். ஆய்வகங்களில் 25 டிகிரி வாக்கிலும் வளர்க்கிறார்கள். லண்டன் அடுக்ககத்தில் கோடை அலை வந்த வாரத்தில் ஆக்சலாட்டில்காரர் பாட்டிலோடு அலைவார், விலா நியூட்காரர் ஒரு விசிறியோடு முடித்துக்கொள்வார். இரண்டாவது லாபம் செவுள். உருமாற்றம் முடிந்ததும் வெளிச்செவுள் மறைந்து நுரையீரலால் மூச்சுவிடும், ஆனால் வாழ்நாள் முழுவதும் தண்ணீரிலேயே இருக்கும். கந்தலாகவும் பூஞ்சை பிடிக்கவும் வெளியே நீட்டிய உறுப்பு ஏதும் இல்லை. மேலே வந்து காற்றுக் குடிக்கும் என்பதால் தண்ணீருக்கும் மூடிக்கும் நடுவே 5 செ.மீ. விடுங்கள். மூடி மட்டும் இறுக்கமாக இருக்கட்டும், கண்ணாடி மூலையில் ஏறித் தப்பும். தரையில் காய்ந்து கிடக்கும் நியூட்தான் இந்த இனத்தில் அதிகம் நடக்கும் விபத்து.

நஷ்டம்? கண்ணுக்கு எடுப்பில்லை என்பது ஒன்று. கையாண்ட பின் கழுவாமல் கண்ணைத் தொட்டால் எரியும் என்பது மற்றொன்று. இந்தியாவில் கடைகளில் கிடைப்பது அரிது என்பதுதான் பெரிய தடை.

இனப்பெருக்கத்தில் இது ஆக்சலாட்டிலைவிட ஒரு படி எளிது. ஆணின் முன்னங்கைகளின் உட்பக்கம் கருத்துச் சொரசொரப்பாகும்போது பருவம் வந்துவிட்டது. ஆண் அடியில் புகுந்து தன் கைகளால் பெண்ணின் கைகளைக் கொக்கிபோல் கோத்து முதுகில் சுமந்து திரியும். மணிக்கணக்கில், சில நேரம் நாள்கணக்கில். பிரிக்க முயல வேண்டாம். சில நூறு முட்டைகள் வரும். நன்கு ஊட்டினால் 1 வருடத்துக்குள் பருவம் எட்டும் என்பதால் அடுத்த தலைமுறையும் சீக்கிரம் கிடைக்கும். குஞ்சுகள் ஒன்றையொன்று கடிக்கும் பழக்கம் இங்கேயும் உண்டு. ஆனால் அகலமான தொட்டியில் ஜாவா பாசியை அடர்த்தியாகப் போட்டு, இரையைக் குறையாமல் கொடுத்தால் தனிக் கிண்ணம் இல்லாமலே 40 வரை வளர்க்கலாம். 3 முதல் 4 மாதத்தில் செவுள் சுருங்கும்போது நீர்மட்டத்தை இறக்கி மிதக்கும் தக்கைப்பட்டை ஒன்று போடுங்கள். அந்த வாரத்தில்தான் சில மூழ்கிச் சாகும்.

நெருப்பு சாலமாண்டர்: குளிர்ந்த வீடு உள்ளவர்களுக்கு மட்டும்

கருப்பும் மஞ்சளும். தரைவாழ் உயிர், ஈர இலைமக்கில் ஒளிந்து இரவில் வரும். வேண்டிய வெப்பம் 12 முதல் 18. குளிர்காலத்தில் 5 டிகிரி வாக்கில் 2 மாத ஓய்வு இருந்தால்தான் சரியாக இணையும். கனடாவிலோ ஜெர்மனியிலோ சூடேற்றாத நிலவறை உள்ளவர்கள் யோசிக்கலாம், மற்றவர்கள் இதை விட்டுவிடுங்கள்.

குளிர் இருக்கிறது என்றால் இதைப் போல வேலை குறைந்த இனம் வேறில்லை. பில்டர் இல்லை, வாராவாரம் தண்ணீர் மாற்றம் இல்லை. 60க்கு 40 செ.மீ. பெட்டியில் 10 செ.மீ. மண், மேலே உதிர்ந்த இலை, மரப்பட்டை. பிழிந்தால் சொட்டாத ஈரம். இந்த ஈரத்தில்தான் தவறு நடக்கும்: சேறாக விட்டால் பாதத்தில் புண் வரும்.

இனப்பெருக்கத்தில் இரண்டாவது எண்ணும் சிறியது. முட்டை கிடையாது. பெண் நேராகக் குஞ்சுகளைத் தண்ணீரில் விடும், பொதுவாக 20 முதல் 40. வயிறு பெருத்த பெண்ணுக்கு 3 செ.மீ. ஆழத் தட்டில் தண்ணீர், ஏறிவரக் கல். ஆழம் கூடினால் தாயே மூழ்கும். வடக்கு ஸ்பெயினின் ஒரு கிளையினம் உருமாறி முடித்த குட்டிகளையே ஈனும். நீர்த்தட்டுத் தேவையே அங்கே இல்லை.

அச்சுறுத்தல் நோய்தான். சாலமாண்டரின் தோலைத் தின்னும் ஒரு கைட்ரிட் பூஞ்சை நெதர்லாந்தில் நெருப்பு சாலமாண்டர்களை ஏறத்தாழத் துடைத்தெடுத்தது, 2013இல் அதற்குப் பெயரிடப்பட்டது. ஆசியாவிலிருந்து வளர்ப்பு வணிகத்தின் வழியே வந்தது என்பதே ஆய்வாளர்களின் முடிவு. புதிதாக வந்த எதையும் வேறு அறையில், வேறு வலை, வேறு வாளியோடு 2 மாதம் வையுங்கள். கருவிகளை 70 சதவீத எத்தனாலில் துடையுங்கள். 25 டிகிரியில் தொடர்ந்து 10 நாள் வைத்தால் இந்தப் பூஞ்சை அழியும். நெருப்பு சாலமாண்டர் அந்தச் சூட்டை அத்தனை நாள் தாங்கும், எல்லா இனமும் தாங்காது. கால்நடை மருத்துவர் இல்லாமல் இதை முயல வேண்டாம்.

குள்ளத் தவளை: வெப்பமான வீட்டின் விடை

4 செ.மீ. கூட வராது. 24 முதல் 27 டிகிரி, 28ஐயும் சமாளிக்கும். 40 லிட்டர் தொட்டியில் 5 தவளை, 25 செ.மீ.க்கு மேல் ஆழம் வேண்டாம், மெல்லிய ஸ்பாஞ்ச் பில்டர். சென்னையில் வருடத்தின் பெரும்பகுதி கருவி எதுவும் இல்லாமல் ஓடும். ஏப்ரல், மே மாதங்களில் ஒரு விசிறி, நிழலான சுவரோரம்.

வாங்கும்போது முன்கால் விரல்களைப் பாருங்கள். விரல்களுக்கிடையே சவ்வு இருந்தால் குள்ளத் தவளை. சவ்வு இல்லாமல் விரல் தனித்தனியாக இருந்தால் அது நகத்தவளை. 10 செ.மீ.க்கு மேல் வளர்ந்து தொட்டியில் உள்ள அனைத்தையும் விழுங்கும். குட்டியாக இருக்கும்போது இரண்டையும் கலந்து விற்பது எங்கும் உண்டு.

குள்ளத் தவளைக்குக் கண் மந்தம், மோப்பத்தால் இரை தேடும். மீன்களோடு விட்டால் மீன் தின்று முடித்த பிறகுதான் இது வந்து சேரும், மெல்ல மெல்லப் பட்டினியில் இறக்கும். தனியாக வைத்து, ஒரு சிறு தட்டில் உறைந்த ரத்தப்புழுவை ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் வையுங்கள். குழந்தைகள் உள்ள வீட்டில் இன்னொன்று: அமெரிக்காவில் 2009 முதல் 2011 வரை இந்தத் தவளைத் தொட்டிகளிலிருந்து சால்மொனெல்லா 200க்கும் மேற்பட்டோருக்குப் பரவியது, பலரும் சிறுவர்கள். தொட்டித் தண்ணீரைச் சமையலறைத் தொட்டியில் ஊற்றாதீர்கள்.

முட்டை வாங்குவது மிக எளிது. ஆணின் முன்காலுக்குப் பின்னே வெளிறிய சிறு புடைப்பு இருக்கும், இரவில் ரீங்காரமிடும். நீர்மட்டத்தை பாதியாக்கிச் சில நாள் விட்டு, 28 டிகிரித் தண்ணீரை ஊற்றி உயர்த்தினால் அன்றிரவே பெண்ணின் இடுப்பை ஆண் பற்றிக்கொள்ளும். இரண்டும் மேலே நீந்திப் புரண்டு முட்டையிடும். முட்டைகள் தனித்தனியாக மிதக்கும், காலையில் கரண்டியால் அள்ளி 8 செ.மீ. ஆழமுள்ள தட்டையான பெட்டிக்கு மாற்றுங்கள். 2 நாளில் பொரியும்.

தோல்வி இதற்குப் பிறகு. பல தவளைகளின் தலைப்பிரட்டை பாசி தின்னும், கீரை போட்டாலும் வளரும். இதன் தலைப்பிரட்டை பிறந்ததிலிருந்தே வேட்டைக்காரன், வாயோ ஊசிமுனை. கண்ணாடியில் 4, 5 நாள் தொங்கிவிட்டு நீந்தத் தொடங்கும் அன்றே நுண்ணுயிர் இரை தண்ணீரில் இருக்க வேண்டும். ஆர்டீமியா முதல் நாள்களில் வாய்க்குப் பெரிது. ஆகவே பெற்றோரைச் சேர்ப்பதற்கு ஒரு வாரம் முன்பே பழைய தொட்டித் தண்ணீரில் வாழைப்பழத் தோலோ ஒரு பிடி வைக்கோலோ ஊறப்போடுங்கள். முதலில் கலங்கி நாறும், 4, 5 நாளில் தெளியும்போது நுண்ணுயிர் பெருகியிருக்கும். வெளிச்சத்தில் பிடித்தால் தூசுபோல் அசைவது தெரியும். தெளியாத கலங்கல் நீரை ஊற்றினால் அது பாக்டீரியா மட்டுமே, குஞ்சுகள் மூச்சு முட்டிச் சாகும். ஒரு வாரத்துக்குப் பின் ஆர்டீமியாவுக்கு மாறலாம். முதல் முறை 200 முட்டையில் 10 தவளை தேறினால் அது நல்ல தொடக்கம்.

சட்டம், வாங்கும் இடம்

இந்தியாவில் ஆக்சலாட்டில், அழியும் உயிர்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தமான சைட்டிஸின் இரண்டாம் பட்டியலில் இருப்பதால், 2022இல் திருத்தப்பட்ட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் நான்காம் அட்டவணைக்குள் வருகிறது. 2024 விதிகளின்படி மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். பிறப்பு, கைமாற்றம், இறப்பு எல்லாவற்றையும் தெரிவிக்க வேண்டும், எனவே முட்டை பொரிப்பதற்கு முன்பே இதை முடித்துவிடுங்கள். இந்தியாவின் சொந்தச் சாலமாண்டரான, டார்ஜிலிங் மலைகளில் வாழும் இமாலய நியூட்டை யார் விற்க வந்தாலும் அது குற்றம். நம் ஊர்த் தவளைகளைப் பிடித்து வளர்ப்பதையும் தவிர்க்க வேண்டும்.

கனடா 2017 முதல் எல்லாச் சாலமாண்டர்களின் இறக்குமதிக்கும் அனுமதிச் சீட்டு கேட்கிறது, உள்நாட்டில் பிறந்ததையே வாங்குங்கள். அமெரிக்கா 2016இல் 20 பேரினங்களின் இறக்குமதியை அந்த கைட்ரிட் பூஞ்சைக்காகத் தடுத்தது. விலா நியூட்டும் நெருப்பு சாலமாண்டரும் அதில் உண்டு, ஆக்சலாட்டில் இல்லை. ஆனால் கலிஃபோர்னியாவில் ஆக்சலாட்டில் வைத்திருப்பதே சட்டவிரோதம். ஐரோப்பாவில் நெருப்பு சாலமாண்டருக்கு வளர்ப்பில் பிறந்ததற்கான ஆவணத்தைக் கேட்டு வாங்குங்கள்.

எதை வாங்கினாலும் விற்பவரின் தொட்டிக்குள் முதலில் வெப்பமானியை விடச் சொல்லுங்கள். 29 டிகிரியில் நிற்கும் ஆக்சலாட்டில் குட்டி அன்று உற்சாகமாகத் தெரியலாம், வீட்டுக்கு வந்த மூன்றாம் வாரம் விழும். உங்கள் முன்னால் ஒரு புழுவைத் தின்னட்டும். தலையைவிட உடல் ஒடுங்கியிருந்தாலோ, தரையில் நிற்க முடியாமல் மிதந்தாலோ, வால் நுனி மடங்கியிருந்தாலோ விட்டுவிடுங்கள். ஆக்சலாட்டில் 7 செ.மீ.க்குக் குறைவாக இருந்தால் வேண்டாம். இனப்பெருக்கத்துக்காக என்றால் ஆணை ஓரிடத்திலும் பெண்ணை வேறொரு ஊரிலும் வாங்கி, 2 மாதம் தனித்தனி அறையில் வைத்த பிறகு அறிமுகப்படுத்துங்கள்.